இருபத்தோரிலக்க எண்ணொன்று

இரண்டினை அறுபத்தேழு முறை எழுதித் தம்முள் பெருக்கி ஒன்றைக் கழிப்பின் வருவது 147573952589676412927 ஆகும். இதனைப் பகாவெண் என்று 1644-ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுத் துறவியார் மெர்சேன் எழுதிப் போந்தார். இருநூற்றாண்டுகட்குப் பின்னர், 1876-இல், அந்நாட்டினரே ஆகிய லூக்காஸ் என்பார், எவ்வெண்ணாலும் வகுத்துப் பாராமலே, இது பகாவெண் அன்று என நிறுவினார். காரணிகள் இவையென அவர் காட்டினாரல்லர். 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பார், 193707721, 761838257287 என்னும் இரண்டன் பெருக்கமே இவ்வெண் எனக் காட்டினார். (பெருக்கிப் பார்த்தல் எம்மனோர்க்கும் இயல்வதே, கண்டுபிடித்தலன்றோ அரிது!)

இவ்வெண்ணின் வரலாற்றைக் கூறுவார் பலரும் கோலையே போற்றி, லூக்காஸை ஒரு வரியில் கடந்து செல்வர். காரணி காட்டாத நிறுவல் அரைகுறை அறிவே என்பது அவர் கருத்துப்போலும். இதனை யாம் உடன்படோம். தளை சிதைந்தமை கண்டு, ஒரு வெண்பாவிலே பாடம் திரிந்துளது என்று துணிகின்றோம். மூலபாடம் கிடைத்திலது என்பதால் அத்துணிபு பொய்யாகுமோ? இன்றும், பகுவெண் என உறுதியாய் அறியப்பட்டும் காரணி ஒன்றேனும் அகப்படாத பேரெண்கள் உள. லூக்காஸ் செய்தது மெய்யறிவே. தேடுதற்குரிய பொருள் உண்டு என்னும் உறுதியைக் கோலுக்கு அளித்தவரும் அவரே.