எம்பிபிஎஸ் ஏறினால் அம்மா குரல் சீக்கிரம் வருமா?

டெல்லியில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் வராமல் இருக்காது. "ஊருக்கு வீடியோ கால் போட்டா நாம பேசி முடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுதான் அம்மா சிரிக்கறாங்க. பெரிய ப்ளானா மாத்தணும்." மாற்றுகிறார்கள். பில் ஏறுகிறது, தாமதம் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் பெரியவர்கள், தன் காதுதான் சரியில்லை போல என்று நினைத்து "சரிப்பா, வச்சுடறேன்" என்று முடித்துக் கொள்கிறார்கள். பணம் போவதை விட இதுதான் எனக்கு வருத்தம்.

என் கட்சி இதுதான்: எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லைங்க, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது :-)) பார்த்துக் காசு கட்டும் முன் தாமதத்தைக் கணக்குப் போடுங்கள்.

நம் பேச்சு சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகிறது. வழியில் ஒவ்வொரு ரௌட்டரும் பாக்கெட்டை முழுசாக வாங்கிய பிறகே அடுத்ததற்கு அனுப்பும். அங்கங்கே நாலு வகை நேரம் செலவாகும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தத் தாமதம்.

1. முகவரி பார்ப்பது: மிகச் சொற்பம். விட்டுவிடலாம்.

2. கம்பியில் ஓடுவது: கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைக்கு கேபிள் வழி 2,400 கி.மீ. என்று வைத்தால் 12 மில்லி செகண்டு. எந்த ப்ளானும் இதைக் குறைக்காது.

3. கம்பியில் ஏற்றுவது: 1,500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட். 10 எம்பிபிஎஸ்ஸில் 1.2 மில்லி செகண்டு, 100-இல் 0.12. பத்து மடங்கு வேகத்துக்கு மிச்சம் சுமார் 1 மில்லி செகண்டு!

4. வரிசையில் நிற்பது: வில்லன் இவர்தான். நீங்கள் பேசும்போது பையனின் போன் போட்டோக்களை அப்லோடு செய்கிறது. ரௌட்டரில் 5 லட்சம் பைட் காத்திருக்கிறது, அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். 40 லட்சம் பிட்டை 50 லட்சத்தால் வகுத்தால் 0.8 நொடி, அதாவது 800 மில்லி செகண்டு. பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150-க்குள் இருக்கட்டும் என்கிறது ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரை.

அப்லோடு வேகம் கூடினால் வரிசை சீக்கிரம் கரையும், மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகத்தைத்தானே?

ஆகவே முதலில் காசில்லா வைத்தியம். கால் நேரத்தில் பேக்கப்பை நிறுத்துங்கள், இரண்டு வீட்டிலும். ரௌட்டரில் எஃப்க்யூ-கோடெல் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பெரிய அப்லோடுக்குப் பின்னால் குரல் பாக்கெட் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் முறை அது. 2018-இலேயே ஆர்எஃப்சி 8290 ஆக வந்துவிட்டது.

அதற்கும் மசியாவிட்டால் ப்ளானை மாற்றுங்கள். அப்போதும் விற்க வருபவரிடம் "எத்தனை எம்பிபிஎஸ்?" என்பதோடு நிறுத்தாமல், "அப்லோடு ஓடும்போது பிங் எவ்வளவு?" என்று கேளுங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் அந்த எண்ணைச் சொல்லப் போவதில்லை.

உங்கள் வீட்டு பிங்கை அப்லோடு இல்லாமல் ஒரு தடவை, அப்லோடு ஓடவிட்டு ஒரு தடவை பார்த்து, பின்னூட்டத்தில் போடுங்களேன்.