ஹாம் ரேடியோ வச்சிருக்கீங்களா? பாலிசியில 'மின்னல்' எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க

சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு எச்.எஃப் செட், பவர் சப்ளை, ஆன்டெனா வாங்கினாலே பட்ஜெட் லட்சத்தைத் தொட்டுடும். "ஹோம் இன்சூரன்ஸ் இருக்கு, மின்னலும் கவர் ஆகுது"ன்னு நிம்மதியா இருப்பீங்க. சிக்கலே அங்கதான்.

2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் மின்னலுக்கு கவர் உண்டு. வாடகை வீடா இருந்தாலும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனா விலக்குகள் பக்கத்தைத் திருப்புங்க. ஷார்ட் சர்க்யூட், அதிக வோல்டேஜ், மின்கசிவு இதனால எலக்ட்ரானிக் கருவிக்கு வர்ற சேதம் கவர் ஆகாது, அதுக்கு மின்னலே காரணமா இருந்தாலும்! மின்னல் விழுந்து வீடு தீப்பிடிச்சா க்ளெய்ம் உண்டு. கேபிள் வழியா சர்ஜ் வந்து செட் மட்டும் பொசுங்கினா கம்பெனி கையை விரிக்கலாம். ஹாம் ஆளுங்க பயப்படறதே இந்த ரெண்டாவதுக்குத்தான்.

என்னைக் கேட்டா, எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் இன்சூரன்ஸ் தனியா கிடைக்குமான்னு விசாரிங்க. மொட்டை மாடி ஆன்டெனாவும், சர்ஜும் அதுல சேருமான்னு மெயில்ல பதில் வாங்குங்க. ஏஜென்ட் வாய்ல சொல்றது செல்லாது. சரியான பாலிசி அமையலையா? அந்த பிரீமியம் காசை எர்த்திங்குக்கும் லைட்னிங் அரெஸ்டருக்கும் போடுங்க.

செட் போயிடுச்சுன்னா அவசரப்பட்டு ரிப்பேருக்குக் கொடுக்காதீங்க. சர்வேயர் பார்க்கட்டும். பில், சீரியல் நம்பர், போட்டோ, லைசென்ஸ் காப்பி ரெடியா இருக்கட்டும். மறுத்தா, கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், அங்க கட்டணம் கிடையாது.