ஃப்ரேமுக்குள்ள ஃப்ரேம், அதுக்குள்ள ஆக்டிவ்எக்ஸ்... போதும் சாமி!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் ஆணி பிடுங்குற விஷயம். பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். ஏன்னா கடைசியில அடி வாங்குறது நீங்கதான் :-)

"ஆபீசுக்குள்ள மட்டும் ஓடுற அப்ளிகேஷன் தானே? எல்லார்கிட்டயும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருக்கு. ஒரு ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோலைத் தூக்கி உள்ள வச்சா வேலை முடிஞ்சுது." இந்த வசனத்தைப் பேசினவங்கள்ல நானும் ஒருத்தன். மேல ஒரு ஃப்ரேம், இடதுபக்கம் மெனுவுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அதுல எக்செல் மாதிரி ஒரு கட்டம். டேமேஜர் அசந்துட்டார். எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் அதை நெசமாவே பயன்படுத்துற அக்கா பக்கத்துல உக்காந்து பார்த்தேன். முக்கால் மணி நேரம் என்ட்ரி போட்டுட்டு சேவ் அமுக்கினாங்க. செஷன் முடிஞ்சுபோச்சு. நடு ஃப்ரேமுக்குள்ள லாகின் பக்கம் வந்து நிக்குது, சுத்தி மெனு அப்படியே இருக்கு. அடிச்சது அத்தனையும் காலி. பேக் பட்டனைத் தட்டினா எந்த ஃப்ரேம் பின்னாடி போகும்னு எழுதின எனக்கே தெரியல. "நான் எங்க தம்பி தப்பு பண்ணேன்?"னு கேட்டாங்க பாருங்க... தப்பு பண்ணினது நான்.

1996ல நெட்ஸ்கேப் 2.0 ஃப்ரேமைக் கொண்டுவந்தப்போ ஒரு நியாயம் இருந்தது. டயல்-அப் காலம், மெனுவைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டாம். ஆனா எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேல அதே முகவரி. ஒருத்தருக்கு லிங்க் அனுப்ப வழியில்ல. 2014ல வந்த எச்டிஎம்எல்5 ஃப்ரேம்செட்டை ஒதுக்கியே வச்சிடுச்சு.

கன்ட்ரோல் இதைவிட மோசம். ஆக்டிவ்எக்ஸுக்கு ஒருதடவை 'சரி'ன்னு அமுக்கிட்டா, உங்க கணினியில நீங்க செய்யக்கூடிய எல்லாத்தையும் அதுவும் செய்யும். நம்பலையா? தென் கொரியாவைப் பாருங்க. 1990களின் கடைசியில அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால பிரவுசர்ல வலுவான குறியாக்கம் கிடைக்கல. அவங்களே 'சீட்'னு ஒண்ணு உருவாக்கி ஆக்டிவ்எக்ஸ் வழியா ஓட்டினாங்க. அன்னிக்கு அது புத்திசாலித்தனம். அப்புறம்? நாடே ஒரு பிரவுசர்ல மாட்டிக்கிச்சு. 2014ல, டிவி தொடர்ல நாயகி போட்ட கோட்டை வெளிநாட்டு ரசிகர்களால ஆன்லைன்ல வாங்க முடியலன்னு ஜனாதிபதி பார்க் கியூன்-ஹேவே புலம்புற நிலைமை!

2022 ஜூன் 15ல எக்ஸ்ப்ளோரருக்கே மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்திடுச்சு. எட்ஜ்ல இருக்கிற 'ஐஇ மோட்' வெறும் ஊன்றுகோல். அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் எத்தனை அப்ளிகேஷன் நொண்டுதோ.

"அப்போ ஐஃப்ரேமும் கூடாதா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. மேப், வீடியோ, கார்டு நம்பர் வாங்குற பெட்டி, இதுக்கெல்லாம் தாராளமா வைங்க. சேண்ட்பாக்ஸ் போட்டு வைங்க. உங்க பக்கத்தை வேற எவன் ஃப்ரேமுக்குள்ள அடைக்கலாம்னும் சர்வர்லயே சொல்லிடுங்க. ஆனா ஒரு கேள்வி: அந்தப் பெட்டி நாளைக்கு செத்துப்போனா, அக்காவோட வேலை நடக்குமா? நடக்காதுன்னா, நீங்க மிச்சம் பிடிச்ச ரெண்டு வார வேலையை அவங்க தலையில வருஷக்கணக்கா கட்டுறீங்கன்னு அர்த்தம்.

டிஸ்கி: அந்த அப்ளிகேஷனை அப்புறம் நானே திரும்ப எழுதினேன். பேக் பட்டன் இப்ப ஒழுங்கா வேலை செய்யுது. டேமேஜர் அசரல. அக்கா டீ வாங்கிக் கொடுத்தாங்க :-)