முழங்கைத் தோலொட்டும் நம் மதிப்பீடுகளும்

வடஇந்தியாவில் குளிர் தொடங்கியதும், முழங்கையில் நீள்வட்டத் தோலொட்டு வைத்த கோட்டுகளைப் பல்கலைக்கழக வளாகங்களில் காணலாம். அவ்வொட்டை அறிவுலகின் அடையாளமாகவே பலரும் கொள்கின்றனர். ஆனால் அது பழுதுபார்ப்பாகத் தொடங்கிய ஒன்று. அந்தத் தொடக்கத்தை மறந்ததால் நம் மதிப்பீடுகளும் கோணிவிட்டன என்பதே என் வாதம்.

மேசையில் முழங்கையூன்றிப் படிப்போரின் கோட்டு முதலில் நைவது அவ்விடத்தில்தான். முரட்டுக் கம்பளியாலான டுவீட் கோட்டின் பிற பகுதிகள் பல்லாண்டு உழைக்கும், முழங்கை உழைக்காது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் மாதத்தில், பிரிட்டன் ஆடைகளுக்குப் பங்கீடு விதித்தது; அது 1949 வரை நீடித்தது. இருப்பதைச் செப்பனிட்டு உடுத்தும் வழிகளைச் சொல்லும் கையேட்டை 1943இல் அரசே வெளியிட்டது. புதுக் கோட்டுக்கு வழியில்லாத ஆசிரியரும் எழுத்தரும் நைந்த இடத்தில் தோலைத் தைத்து உடுத்தினர். வறுமையின் தழும்பு காலப்போக்கில் புலமையின் முத்திரையாயிற்று.

இன்று கடைகளில் தோலொட்டுடனேயே புதுக் கோட்டு கிடைக்கிறது. பல வேளைகளில் அது தோல்கூட அன்று, ரெக்சின். அதன் அடியில் துணி கிழியாமல் இருக்கிறது. அழகுக்காக அணிவதில் பிழையில்லை. ஆனால் ஒரே ஒட்டுக்கு நாம் இரண்டு தீர்ப்புகள் வழங்குகிறோம். பேராசிரியரின் முழங்கையில் இருந்தால் அது எளிமை. உதவித்தொகை மாதக்கணக்கில் வந்துசேராத முதல் தலைமுறை ஆய்வாளரின் சட்டையில் இருந்தால் அது இல்லாமை. நேர்முகத் தேர்வில் முன்னது மதிப்பைக் கூட்டுகிறது, பின்னது குறைக்கிறது.

இதைவிடக் கூர்மையான முரண் தோலிலேயே இருக்கிறது. தோலைத் தொட்டுத் தொழில் செய்ததற்காக மக்களைத் தீண்டத்தகாதோராக ஒதுக்கிய சமூகம் இது. கான்பூரிலோ ஆம்பூரிலோ பதனிடப்பட்ட அதே தோல் முழங்கையில் ஏறியதும் அறிவின் சின்னமாகிறது. அதைப் பதனிட்ட கையும் தைத்த கையும் வளாக வாயிலுக்கு வெளியிலேயே நிற்கின்றன. சாதியைப் பற்றிக் கட்டுரை எழுதும் நாம் வாயிலோரத்து மோச்சியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

ஒட்டுவைப்பது எளிய வேலையன்று. முதலில் நைந்த இடத்தை நூலோட்டி உறுதிப்படுத்த வேண்டும். கையை மடக்கிய நிலையில் முழங்கைமுனை எங்கே விழுகிறது என்று குறிக்க வேண்டும். நீட்டிய நிலையில் குறித்தால் ஒட்டு இடம் தவறிவிடும். உள்துணியைப் பிரித்து விலக்கிக்கொண்டு மேல்துணியோடு மட்டும் தைக்க வேண்டும். தடித்த தோல் கையை மடக்கவிடாது. மெல்லிய ஆட்டுத்தோலே ஏற்றது. முன்கூட்டியே துளையிட்டு, மெழுகேற்றிய நூலால் கைத்தையல் போட்டால் விளிம்பு பெயராது. நிறம் துணியைவிடச் சற்று அடர்ந்திருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

உத்தரப்பிரதேசத்து நஜீபாபாத்தின் ரஃபூகர்கள் கிழிந்த சால்வையை, கிழிந்த சுவடே தெரியாமல் இழையோடு இழை சேர்த்துச் செப்பனிடுவர். அது பழுதை மறைக்கும் கலை. தோலொட்டு பழுதை ஒளிக்காமல் காட்டும் கலை. இரண்டிலும் இருப்பது நுண்ணிய தொழிலறிவு. இரண்டையும் நாம் கூலி வேலை என்றே அழைக்கிறோம்.

ஆகவே நண்பர்களுக்கு என் பரிந்துரை இதுவே. ஒட்டுவைத்த புதுக் கோட்டைத் தேடுமுன் வீட்டிலுள்ள பழைய கோட்டின் முழங்கையைப் பாருங்கள். அதைத் தைத்துத் தருபவரின் உழைப்புக்குரிய விலையைப் பேரமின்றிக் கொடுங்கள். அடுத்த நேர்முகத் தேர்வில் ஒட்டுப்போட்ட சட்டையுடன் ஒரு மாணவர் எதிரே அமர்ந்தால், பேராசிரியரின் முழங்கைக்குத் தரும் மதிப்பை அவருக்கும் தாருங்கள்.