ஒரு உறையில் இரண்டு கத்தி

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் என்றொரு வண்டி உண்டு. படுக்கை, சமையலறை, ஏசி எல்லாம் உள்ள ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாம் மைதானத்தில் நிறுத்தினால் கேபிளைச் செருகி 30 அல்லது 50 ஆம்பியர் கரண்ட் எடுத்துக்கொள்ளலாம். காட்டுப்பக்கம் போனால் வண்டியிலேயே இருக்கும் ஜெனரேட்டர்தான் கதி.

இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஒயரிங்கில் சேர்ந்தால்? இரண்டின் அலைகளும் ஒத்துப்போகாது. ஜெனரேட்டர் பாழாகும், தீயும் பிடிக்கலாம். அதைவிட மோசம், ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்குள் போவது. கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் லைன்மேனின் உயிர் போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச். முதலில் ஒன்றை விடும், பிறகுதான் மற்றதைப் பிடிக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் இன்னும் எளிய வழி. இருப்பது ஒரே கேபிள். வெளியே செருகு, இல்லாவிட்டால் ஜெனரேட்டர் சாக்கெட்டில் செருகு. இரண்டிலும் செருக முடியாதே!

"அதெல்லாம் எதுக்கு? மெயினை ஆஃப் பண்ணிட்டு, ஜெனரேட்டர் ஒயரை பிளக் பாயிண்ட்ல சொருகினா போதும், கவனமா இருந்தா சரி" என்பவர்கள் நம்மூரிலும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், தூக்கக் கலக்கத்தில் யாருக்கு ஐயா கவனம் இருக்கும்?

மாற்றுவதற்கு முன் ஏசியை நிறுத்துவது போன்ற சின்ன வேலைகளை நம் ஞாபகத்துக்கு விடலாம். மறந்தால் பிரேக்கர் விழும், அவ்வளவுதான். இன்னொருவர் உயிரை நம் ஞாபகத்தில் தொங்கவிடக் கூடாது. மோட்டார்ஹோமோ, மளிகைக் கடையோ, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.