மாமாவோட கனடா கணக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போனா முதல் வேலை, காமயகவுண்டன்பட்டி மாமா வீட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை திங்கறதுதான். (2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே திராட்சை.) இந்தத் தடவை தட்டை நீட்டறதுக்கு முன்னாடி மாமா ஒரு நோட்டீஸை நீட்டினாரு.

"மாப்ள, விவசாயிகளுக்கு கனடாவுல பி.ஆர். தர்றானாம். ரெண்டு ஏக்கரை வித்துட்டுப் போட்டுப் பாத்துரவா?"

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுருச்சு.

சுயதொழில் செய்யறவங்களுக்குன்னு கனடாவுல ஒரு திட்டம் இருந்தது நிஜம். பண்ணை நடத்தறவங்களும் அதுல வந்தாங்க. ஆனா அந்தப் பிரிவை 2018 மார்ச்லயே தூக்கிட்டாங்க. மிச்சம் இருந்தது கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள். அவங்ககிட்டயும் புது விண்ணப்பம் வாங்கறதை 2024 ஏப்ரல் 30லேருந்து நிறுத்தி வச்சாங்க. நோட்டீஸ்ல இதெல்லாம் ஒரு வரி கிடையாது. கட்டணத்தை மூணு தவணையா கட்டலாம்னு மட்டும் கொட்டை எழுத்துல இருந்துச்சு.

"அப்ப இவனாச்சும்?"னு பையனைக் கை காட்டினாரு. அவன் கம்பத்துல உக்காந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதறான். அவனுக்கு வழி இருக்கு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில, கனடாவுக்கு வெளிய செஞ்ச சுயதொழிலும் அனுபவமா சேரும். ஆனா தனக்குத்தானே எழுதிக்கிட்ட சான்று செல்லாது. வாடிக்கையாளர் கடிதம், பணம் வந்ததுக்கு ஆதாரம் வேணும். கையில வேலை இல்லாமப் போறவங்க செலவுக்குப் பணமும் காட்டணும். 2025 ஜூலை கணக்குப்படி நாலு பேர் குடும்பத்துக்கு 28,362 கனடா டாலர். நம்ம காசுல 17 லட்சத்துக்கு மேல.

மாமாவுக்கு 17 லட்சம் பெரிய விஷயமில்லை. ஆனா அவர் பணம்னு நினைக்கறது வேற, அவங்க பணம்னு நினைக்கறது வேற. நிலம், வீட்டோட மதிப்பு சேராது. கடன் வாங்கினதும் சேராது. பேங்க் கடிதத்துல இன்னிக்கு இருப்பு மட்டுமில்ல, ஆறு மாச சராசரி, இருக்கற கடன் எல்லாம் வரணும். நம்ம பக்கம் திராட்சைக் காசு வந்த அன்னிக்கே சொசைட்டியில நகையைத் திருப்பி, உரக்கடை பாக்கி கட்டி, மிச்சம் பீரோவுக்குள்ள போயிரும். சராசரி எங்கேருந்து வரும்? விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லைங்கறதால ரிட்டர்னும் போட்டதில்ல.

சரி, நிலத்தை வித்தா? இங்கதான் வம்பே. பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு, மிச்சம் பையில ரொக்கம். இதுதான ஊர் வழக்கம்? பையில வந்ததை எந்த பேங்க்ல போட்டு எங்க காட்டறது? தோட்டமும் போயி, காட்டவும் முடியாது.

நோட்டீஸ்காரர் இதுக்கும் வழி வச்சிருந்தாரு. "நாங்களே உங்க கணக்குல போட்டு எடுத்துக்கறோம், வட்டி மட்டும் குடுங்க"ன்னாராம். பொய்க்கணக்குன்னு பிடிபட்டா அஞ்சு வருசம் அந்தப் பக்கமே விண்ணப்பிக்க முடியாது. அந்த வட்டிக்கு ரெண்டு பந்தல் கம்பி மாத்தலாம்.

என்னைக் கேட்டா, மச்சான் இன்னும் ரெண்டு வருசம் பொறுக்கலாம். இந்தியாவுல வாங்கின பணத்துல பாதியை லாபம்னு காட்டி வரி கட்ட ஒரு வசதி இருக்கே, நானும் ஃப்ரீலான்ஸ் ஆரம்பிச்சப்ப அதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். வரி மிச்சம்தான். ஆனா வருமானம் பாதின்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் :-( அவனாவது நிஜ லாபத்தைக் காட்டட்டும். மாமா திராட்சைக் காசை பேங்க்ல வாங்கி, முறையா எழுதி அவனுக்கு அன்பளிப்பா குடுக்கட்டும்.

மாமா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப ரெண்டு ஏக்கர் இருக்கட்டும்ங்கற?"ன்னாரு. அத்தை முகத்துல அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு.

சுயதொழில்னு போட்டுப் போனவங்க யாராச்சும் இருந்தா, ஆடிட்டர்கிட்ட என்னென்ன எழுதி வாங்கினீங்கன்னு சொல்லுங்க மக்கா.