கலங்கலா இருந்தா நல்ல பீரா?

"பீர்னா பீர்தான், லேபிள்தான் வேற" என்று நம்பிக்கொண்டிருந்த கோஷ்டியில் நானும் ஒருத்தன். செக் நாட்டு பில்சென் ஊருக்குப் போகிற வரைக்கும்.

பில்ஸ்னர் என்கிற பீர் வகைக்கே பெயர் கொடுத்த ஊர் அது. அங்கே பில்ஸ்னர் உர்குவெல் ஆலையைச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் சில்லென்றிருக்கும் சுரங்க நிலவறையில் ஓக் மரப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்து ஒரு டம்ளர் தருகிறார்கள். வடிகட்டாதது, பாஸ்டரைஸ் பண்ணாதது. லேசான கலங்கல். ரொட்டி வாசனை, நாக்கில் கொஞ்சம் கனம், பின்னாடியே நல்ல கசப்பு. அடப்பாவி, இத்தனை வருஷம் நான் குடிச்சது என்னன்னு தோணிச்சு.

அப்படி என்னதான் வித்தியாசம்? ஆலையில் நடப்பது ரெண்டு தனித்தனி வேலை. ஒண்ணு, வடிகட்டுவது. டயட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண் வழியாக பீரைச் செலுத்துவார்கள். மிதக்கும் ஈஸ்ட்டும் புரதத் துணுக்குகளும் தங்கிவிடும். பீர் பளிச்சென்று ஆகும், கூடவே கொஞ்சம் ருசியும் போகும்.

இன்னொண்ணு, சூடு காட்டுவது. பாட்டிலோடு சேர்த்து சுமார் 60 டிகிரியில் வெந்நீர்க் குளியல், அல்லது பாட்டிலில் அடைக்கும் முன்பே 72 டிகிரியில் அரை நிமிஷம். பீரைக் கெடுக்கும் கிருமிகள் காலி. ஆனால் உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனுக்கு அந்தச் சூடு தூபம் போடும். நாள்பட்ட பீரில் நனைந்த அட்டை வாசனை வருமே, அந்தப் பக்கம் ஒரு தள்ளு.

இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஜப்பானின் ஆசாஹி சூப்பர் ட்ரை சூடே காட்டாத பீர், ஆனால் கண்ணாடி மாதிரி வடிகட்டியது. கலங்கலாக விற்கும் கோதுமை பீர்களில் சூடு காட்டியவையும் உண்டு. அதனால கலங்கலைப் பார்த்து மட்டும் மயங்காதீங்க.

சரி, அப்போ பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் வில்லனா? அதுவும் இல்லை. இதே பில்சென்ல 1838-இல், கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மண்டபத்துக்கு முன்னாடி கொட்டினாங்க. அந்தக் கோபத்தில் ஊர்க்காரங்களே ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரைக் கூட்டிவந்து, 1842-இல் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். பீர் ஏன் கெடுகிறது என்று லூயி பாஸ்டர் விளக்கிப் புத்தகம் போட்டது 1876-இல். அதுவரை நல்ல பீர் கிடைப்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருந்தது. வடிகட்டலும் சூடும் வந்த பிறகுதான் பீர் கடல் தாண்டி, மாசக்கணக்கில் கடையில் நின்று, ஒரே ருசியில் நம்ம கைக்கு வருது. அதைச் சும்மா மட்டம் தட்டக் கூடாது.

இது எனக்கு அனுபவத்தில்தான் உறைச்சுது. திரும்பி வரும்போது, அந்த ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் வடிகட்டாத பீர் ரெண்டு பாட்டில் வாங்கினேன். "குளிர்ல வைங்க, ரெண்டு வாரத்துல குடிச்சிடுங்க" என்று படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் கேட்டேனா? நண்பர்கள் எல்லாரும் கூடட்டும் என்று மே மாசச் சென்னையில் ஒன்றரை மாசம் அலமாரியில் வைத்திருந்தேன். திறந்ததும் பாதி நுரையாகப் பொங்கித் தரையில் போச்சு. மீதி புளிச்ச மோர். "இதுக்குத்தான் இவ்ளோ பில்டப்பா மச்சி?" என்று கேட்டு, ஃப்ரிட்ஜிலிருந்த சாதா பீரை எடுத்தார்கள். அது ஜம்முனு இருந்துச்சு!

தப்பு பீர் மேல இல்லை, என் மேலதான். உள்ளே உயிரோடிருக்கும் ஈஸ்ட்டைப் பால் பாக்கெட் மாதிரி பார்த்துக்கணும். நான் ஊறுகாய் மாதிரி வைத்திருந்தேன்.

என் கட்சி இதுதான்: ஆலை பீர் பயணம் போறதுக்காகச் செய்தது. வடிகட்டாத பீர் நாம பயணம் போய்க் குடிக்க வேண்டியது. யாராவது கலங்கலைக் காட்டி ரெட்டை விலை சொன்னால், ரெண்டே கேள்வி கேளுங்க. எப்போ பிடிச்சது? வழி முழுக்க குளிர்லயே வந்துச்சா? பதில் வரலைன்னா, பேசாம தெளிஞ்ச பீரையே வாங்கிக்கலாம்.

டிஸ்கி: யாரையும் குடிக்கச் சொல்லி உசுப்பேத்தலை. குடிக்கிறவங்க விவரமா குடிக்கட்டுமே என்றுதான்.